அகதிக் குடும்பங்களின் வாழ்நிலைக் கணக்கெடுப்பு: பிழை எங்கே நுழைகிறது

கையில் டேப்லெட்டோடு ஒருவர் கூடாரத்து வாசலில் வந்து நின்றால், உள்ளே இருப்பவர் மனதில் எழுவது ஒரே கேள்விதான்: இது பேர் சேர்க்கிற பட்டியலா, பேர் வெட்டுகிற பட்டியலா? அதற்கு அவர் தனக்குள் என்ன முடிவு செய்கிறாரோ, அதை ஒட்டித்தான் அடுத்த முக்கால் மணி நேரமும் பதில் வரும். ரேஷன் தலைக்கு இவ்வளவு என்று அளக்கும் முகாமில் ஆள்கணக்கு கூடும். நகரத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் அதே ஆள்கணக்கு குறையும்; வீட்டுக்காரரிடம் நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் இருப்பார்கள். வேலை அனுமதி இல்லாத நாட்டில் கூலி மறையும், கடன் பெரிதாகும்.

இதற்காக யாரையும் பொய்யர் என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சாப்பாடு ஒரு படிவத்தை நம்பியிருக்கும்போது எவரும் யோசித்துத்தான் பேசுவார். அந்த யோசனைக்கு அதிகம் இடம் வைக்காமல் கேள்வியை அமைப்பதுதான் கணக்கெடுப்பை வடிவமைப்பவரின் வேலை. பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதைக் கேட்கக் கூடாது. அளக்க முடிவதையும் கேட்கக் கூடாது. அப்படிக் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் கேட்க வேண்டும், அதையும் அவர் நினைவில் எப்படி இருக்கிறதோ அப்படியே கேட்க வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம்

அறிமுகத்தில் நான்கு விஷயம் தெளிவாக வர வேண்டும். யார் அனுப்பினார்கள், எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், மறுத்தால் என்ன ஆகும். கடைசியைப் பலர் மென்று விழுங்கிவிடுகிறார்கள். "நீங்கள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இப்போது கிடைக்கும் உதவி அதிகமாகாது, குறையாது" என்பதை இரண்டு பக்கமும் சேர்த்தே சொல்ல வேண்டும். "அதிகமாகாது" என்பதை விட்டால் வீண் நம்பிக்கை வரும். "குறையாது" என்பதை விட்டால் பயம் வரும்.

சொன்னதற்கு ஏற்ப நடந்துகொள்வது அடுத்தது. பதிவு அட்டையைக் கேட்காதீர்கள். சரிபார்க்க என்று அட்டையைப் படம் பிடித்தால், மத்தியானத்துக்குள் அந்த வரிசை முழுக்கச் செய்தி போய்விடும். அதற்குப் பிறகு எந்த அறிமுகமும் எடுபடாது. பெயர் தேவையில்லை, தங்குமிட எண் போதும். மறுவருகைக்குப் பெயர் வேண்டுமென்றால் அதைத் தனித் தாளில் எழுதி, கேள்வித்தாளோடு ஓர் எண்ணால் மட்டும் இணைத்து, களவேலை முடிந்ததும் அழித்துவிடலாம். வீடு வீடாகப் போவதற்கு இரண்டு நாள் முன்பு வட்டாரத் தலைவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் எந்த வீடுகள் என்பதை அவர்களிடம் சொல்லவும் கூடாது, அவர்கள் கூடவே வரவும் கூடாது. தலைவர் வாசலில் நின்றால் பதில் அவருக்கான பதிலாகிவிடும்.

குடும்பம் என்றால் யார்

அட்டையில் இருப்பவர்கள் ஒரு கணக்கு, ஒரே கூரையின் கீழ் தூங்குபவர்கள் இன்னொரு கணக்கு, ஒரே உலையில் சாப்பிடுபவர்கள் மூன்றாவது கணக்கு. மூன்றும் பொருந்தி வருவது அபூர்வம். ஓர் அட்டை இரண்டு கூடாரமாகப் பிரிந்திருக்கும். இரண்டு அட்டைக்காரர்கள் ஒரே அடுப்பில் சமைப்பார்கள். வாழ்நிலையைப் பார்க்கும் கணக்கெடுப்புக்கு அடுப்புதான் அளவுகோல்: வழக்கமாக ஒன்றாகத் தங்கி, உணவையும் செலவையும் பகிர்பவர்கள் ஒரு குடும்பம். எந்தக் காலத்துக்கு என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கடந்த 30 நாளில் பெரும்பாலும் இங்கே இருந்தவர், அல்லது இனி இங்கேயே இருக்க வந்தவர் என்று. இந்த வரையறை பயிற்சி ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, திரையில் கேள்விக்கு மேலேயே இருக்க வேண்டும். மூன்றாம் நாளுக்குள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு வரையறை வைத்துக்கொள்வார்கள்.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று எண்ணைக் கேட்பதுதான் வழக்கமான தவறு. எண்ணைச் சொல்லிவிட்டால் பிறகு ஆட்களை அந்த எண்ணுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். ஆட்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள். நேற்று ராத்திரி இங்கே தூங்கியவர்கள் யார் யார்? வழக்கமாக இருந்து நேற்று மட்டும் இல்லாதவர் உண்டா? கடைசியாக மறக்காமல் மூன்றைத் துருவிக் கேளுங்கள்: கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர், பிறர் பிள்ளையை வளர்ப்பது. கைக்குழந்தையை "ஆள்" என்று எண்ணாமல் விடுவது எங்கும் நடக்கிறது. பிறர் பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளையின் காதுபடத் தோண்டக் கூடாது. "உறவினர் பிள்ளை", "உறவு இல்லாத பிள்ளை" என்ற இரண்டு குறியீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயது இன்னொரு குழி. பதிவு ஆவணங்களில் ஜனவரி 1 பிறந்தநாளாக வரிசையாக வரும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆண்டை மட்டும் கேட்டு எழுதியதன் விளைவு அது. பெரியவர்களின் வயது 30, 35, 40 என்று 0-விலும் 5-இலும் குவியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதக் கணக்கு சரியாக வேண்டும். அதற்கு நிகழ்வு நாட்காட்டி ஒன்றைத் தயாரிக்க வேண்டும்: ஊரை விட்டுக் கிளம்பிய மாதம், எல்லை கடந்த மாதம், முகாமில் தீப்பிடித்த நாள், மழை பிடித்த நாள் என்று அந்த மக்களே நினைவில் வைத்திருக்கும் நிகழ்வுகளோடு. கிளம்பும்போது வயிற்றில் இருந்தானா, கைக்குழந்தையா, நடந்தானா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த வீடுகள்

பதிவுப் பட்டியலிலிருந்து நேராக மாதிரி எடுத்தால், போனவர்கள் அதில் இருப்பார்கள், வந்தவர்கள் இருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் படம் கூரைகளைக் காட்டும். அது வீடா, கடையா, காலியா என்று காட்டாது. செலவு ஆனாலும், தேர்ந்த வட்டாரங்களில் நடந்து போய் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் எண் எழுதி, அதில் எத்தனை அடுப்பு என்று குறிப்பதே நம்பத்தக்க வழி. இருவர் அணி ஒரு நாளில் ஒரு வட்டாரத்தை முடித்துவிடலாம்.

மாதிரி அளவுக் கணக்கில் அடிக்கடி நடக்கும் சறுக்கல் ஒன்று. 95 விழுக்காடு நம்பகம், 5 விழுக்காடு பிழை எல்லை, விகிதம் தெரியாததால் 50 விழுக்காடு என்று வைத்தால் 384 வீடு வரும். வெறும் 1,000 வீடு உள்ள முகாமென்றால் மொத்த வீடுகளே குறைவு என்பதற்கான திருத்தம் போட்டு 278 போதும். முகாம் பெரிதாகி, வட்டாரங்களைக் கொத்துகளாக எடுத்தால், பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் 384-ஐ இரட்டிப்பாக்கி 768 என்று வைப்பது வழக்கம். பிறகு 10 வீட்டுக்கு ஒன்று கிடைக்காது என்று எதிர்பார்த்தால் 768-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 854. பலர் 1.1-ஆல் பெருக்கி 845 என்று எழுதிவிடுகிறார்கள். வித்தியாசம் சின்னதுதான், மறுப்பு 25 விழுக்காடாக இருக்கும் நகரத்தில் அதே தவறு சின்னதாக இருக்காது.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் வேலை இல்லாதவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். பூட்டிய வீட்டை ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டால் நிரப்பினால் முகாமே வேலையற்றதாகத் தெரியும். மூன்று முறை போக வேண்டும். அதில் ஒன்று மாலையிலோ விடுமுறை நாளிலோ இருக்க வேண்டும். மூன்றாம் முறையும் இல்லையென்றால் "கிடைக்கவில்லை" என்று பதிவு செய்துவிட்டு நகரலாம். இந்த எண்ணையும் அறிக்கையில் போட வேண்டும்.

முகாமுக்கு வெளியே, நகரத்தில் சிதறி வாழும் குடும்பங்களுக்கு மாதிரி எடுக்க ஒரு முழுப் பட்டியலே கிடையாது. ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட என்று போனால் நல்ல தொடர்பு உள்ளவர்கள் மட்டும் நிறைவார்கள். தொலைபேசிப் பட்டியலில் போனால் எண் மாறியவர்களும் போன் இல்லாதவர்களும் விடுபடுவார்கள். போன் பெரும்பாலும் ஆண் கையில் இருக்கும். எந்த வழியில் போனாலும், கிடைத்த விழுக்காட்டை மொத்த அகதிகளின் விழுக்காடாக அறிவிக்க முடியாது. பேசியவர்களின் நிலை என்றுதான் எழுத முடியும்.

தங்குமிடம்: டேப்பை எடுங்கள்

"இடம் போதுமா?" என்று கேட்டால் எல்லோரும் போதாது என்பார்கள். 5 மீட்டர் டேப் ஒன்று போதும். உள்நீளம், உள்அகலம் அளக்க ஒரு நிமிடம். ஸ்பியர் மனிதாபிமானத் தரநிலைகளின்படி ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் மூடிய வாழ்விடம் வேண்டும், சமையலுக்கும் குளியலுக்கும் ஆகும் இடம் சேராமல். குளிர்ப் பகுதியிலும், அவை உள்ளுக்குள்ளேயே நடக்கும் நகர வீடுகளிலும் 4.5 முதல் 5.5 வரை. 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் ஐந்து பேர் என்றால் 3.2 வருகிறது. மூலையில் 2 சதுர மீட்டர் அடுப்புக்குப் போனால் 2.8. அடுப்பைக் கழித்தோமா இல்லையா என்பதை எல்லா அணிகளும் ஒரே மாதிரி செய்யாவிட்டால் இந்த எண் ஒன்றுக்கும் உதவாது.

கூடாரத்தில் தரையை அளந்தால் மட்டும் போதாது. சரிந்த பக்கத்தில் உயரம் இடுப்பளவுகூட இருக்காது. உச்சியில் 2 மீட்டராவது இருக்கிறதா, வெப்பப் பகுதியில் 2.6 இருக்கிறதா என்று தனிக் கட்டத்தில் எழுதலாம். தார்ப்பாலின் வெயிலில் நைந்திருந்தால் பிடித்து மடிக்கும்போதே பொடிப்பொடியாக உதிரும். கூரை ஒழுகுவதைக் கேட்பதோடு கறை எங்கே, வாளி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மழை இல்லாத மாதத்தில் நடக்கும் கணக்கெடுப்பில் "ஒழுகல் இல்லை" என்ற பதில் நிறைய வரும். அதனால் "போன மழையில்" என்று கேட்க வேண்டும். கதவை உள்ளிருந்து தாழிட முடிகிறதா என்பதை ஒருமுறை போட்டுப் பார்த்தே குறிக்கலாம். பாதுகாப்பு பற்றிய பத்துக் கேள்விகளைவிட அந்த ஒரு தாழ்ப்பாள் அதிகம் சொல்லும்.

வாடகை வீடென்றால் எழுத்து ஒப்பந்தமா, வாய்ப்பேச்சா, எத்தனை மாத பாக்கி, வாடகைக்கு ஈடாக யாராவது உழைக்கிறார்களா என்று நான்கும் வேண்டும். கடைசியைக் கேட்காவிட்டால் "வாடகை இல்லை" என்று பதிவாகி, அந்தக் குடும்பம் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும்.

தண்ணீர்: பாத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் வரும் பதிலுக்கு மதிப்பில்லை. யாரும் லிட்டரில் வாழ்வதில்லை. கேனில், வாளியில், நடையில் வாழ்கிறார்கள். பிடித்து வரும் பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேனின் அடியில் கொள்ளளவு அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் அளவு தெரிந்த ஒரு பாட்டிலால் ஊற்றி நிரப்பிப் பார்க்கலாம். நேற்று காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை முறை நிரம்பியது, விளிம்பு வரையா, முக்காலா? 20 லிட்டர் கேன் இரண்டு முறை, 10 லிட்டர் வாளி மூன்று முறை என்றால் 70 லிட்டர். ஆறு பேருக்கு ஆளுக்குச் சுமார் 11.7. ஸ்பியர் சொல்லும் குறைந்தபட்சம் ஆளுக்கு 15 லிட்டர். நிலைபெற்ற முகாம்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமை வைத்திருக்கும் இலக்கு 20.

இங்கே இரண்டு கசிவு. குழாயடியிலேயே துவைத்துக் குளித்துவிட்டு வருபவர்களின் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கொண்டு வந்ததில் கொஞ்சம் விற்பனைக்கோ ஆட்டுக்கோ போயிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். தண்ணீருக்குப் போகிறவரிடமே கேட்பதும் முக்கியம். குடும்பத் தலைவர் "பக்கத்தில்தான்" என்பார். எடுத்து வரும் பெண்ணோ சிறுமியோ உண்மைக் கணக்கைச் சொல்வாள். போக, வரிசையில் நிற்க, திரும்ப என்று நேரத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். தூரம் 500 மீட்டருக்குள் இருந்தும் வரிசை 30 நிமிடத்தைத் தாண்டினால் தீர்வு இன்னொரு குழாய். வரிசை இல்லாமல் தூரம் மட்டும் அதிகமென்றால் தீர்வு வேறு. சேர்த்துக் கேட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு குழாய்க்கு 250 பேர் என்ற அளவும் நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வேகத்தில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொண்டுதான். குழாயைத் திறந்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்காமல் 250-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது வீண்.

கிருமி கொல்லப் போட்டதில் தண்ணீரில் எஞ்சிய குளோரினைக் குழாயடியில் மட்டும் சோதித்துவிட்டு வரக் கூடாது. அங்கே லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்தாலும், வீட்டுக் கேனில் அரை நாள் நின்ற பிறகு ஒன்றுமே இல்லாமல் போகலாம். சோதனை மாத்திரையும் நிற அட்டையும் கொண்டு, குடிக்கும் பாத்திரத்திலிருந்தே எடுத்துப் பாருங்கள்.

கழிப்பறையை எண்ணும்போது கட்டியதை அல்ல, அன்று பயன்படுவதை எண்ண வேண்டும். 20 பேருக்கு ஒன்று என்ற அளவு எத்தனையோ அறிக்கைகளில் தேறிவிடும். நிறைந்து வழிவதையும், கதவில்லாததையும், ஒரு குடும்பம் பூட்டி வைத்துக்கொண்டதையும் கழித்தால் தேறாது. "கழிப்பறை உள்ளதா" என்பதற்குப் பதில் "நேற்று இருட்டிய பிறகு எங்கே போனீர்கள்" என்று பெண்ணிடம் பெண் கேட்டால் விளக்கும் தூரமும் பயமும் தானாக வந்துவிடும். மாதவிடாய்ப் பொருட்கள் பற்றிய கேள்விகளும் அந்தத் தனிமையில்தான்.

உணவு

உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வு மதிப்பெண்தான் எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த 7 நாளில் ஒவ்வொரு உணவு வகையையும் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்த வகைக்கான எடையெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: தானியமும் கிழங்கும் 2, பருப்பு 3, காய்கறி 1, பழம் 1, இறைச்சி-மீன்-முட்டை 4, பால் 4, எண்ணெய் 0.5, சர்க்கரை 0.5, மசாலா 0. 21 வரை மோசம், 35 வரை விளிம்பு, அதற்கு மேல் ஏற்கத்தக்கது.

இதில் ஒரு பொறி உண்டு. ரேஷனில் தானியமும் எண்ணெயும் சர்க்கரையும் தரும் இடத்தில் குடும்பம் வேறொன்றும் தொடாமலேயே 14 + 3.5 + 3.5 = 21 எடுத்துவிடும். ஒரே ஒரு நாள் காய்கறி சேர்ந்தால் 22. "மோசம்" என்ற கட்டத்திலிருந்து வெளியேறிவிடும். எண்ணெயும் சர்க்கரையும் தினசரி புழங்கும் இடங்களுக்கு 28, 42 என்ற உயர்ந்த எல்லைகள் இருப்பது இதனால்தான். எந்த எல்லையைப் பயன்படுத்தினோம் என்று சொல்லாமல் இரண்டு முகாம்களை ஒப்பிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். இன்னொன்று, பானத்தில் ஊற்றிய ஒரு ஸ்பூன் பாலைப் பால் என்று குறித்தால் வாரத்துக்கு 28 புள்ளி சும்மா ஏறும். ருசிக்குச் சேர்ப்பது மசாலாக் கணக்கு, அதற்கு எடை பூஜ்யம். கணக்கெடுப்பாளர் பயிற்சியில் இந்த ஒன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் தகும்.

7 நாள் நினைவு என்பதால், ரேஷன் கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே மதிப்பெண்ணைத் தூக்கவும் தள்ளவும் செய்யும். கிடைத்த வாரத்தில் கேட்டால் முகாம் நிறைந்திருக்கும், மாதக் கடைசியில் கேட்டால் காய்ந்திருக்கும். போன ஆண்டு முதல் வாரம், இந்த ஆண்டு நான்காம் வாரம் என்று எடுத்துவிட்டு "நிலைமை சரிந்தது" என்று எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. கடைசி விநியோகத் தேதி ஒவ்வொரு படிவத்திலும் இருக்க வேண்டும்; களவேலையை விநியோகச் சுழற்சி முழுக்கப் பரப்ப முடியாவிட்டால், ஒவ்வொரு சுற்றையும் சுழற்சியின் அதே வாரத்திலாவது வைக்க வேண்டும்.

உணவுத் தட்டுப்பாட்டைக் குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று அளக்கும் சமாளிப்பு உத்திக் குறியீட்டின் சுருக்க வடிவில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையெண். மலிவான உணவுக்கு மாறியது 1, கடன் வாங்கிச் சாப்பிட்டது 2, அளவைக் குறைத்தது 1, பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்தது 3, வேளையைக் குறைத்தது 1. ஒவ்வொன்றும் 7 நாளில் எத்தனை நாள் என்று பெருக்கினால் உச்சம் 56. சமைப்பவரிடம் கேளுங்கள். பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்ததைப் பல வீடுகளில் சமைக்கும் பெண் மட்டுமே அறிவாள், ஏனென்றால் குறைத்தது அவள்தான்.

நகை விற்றது, பள்ளியை நிறுத்தியது, கருவிகளை விற்றது போன்றவற்றுக்கு "ஆம்/இல்லை" வைத்துவிட்டால் பெரும் தவறு. "இல்லை" என்பதற்குள் மூன்று வேறு நிலை ஒளிந்திருக்கிறது: தேவைப்படவில்லை, எங்களுக்குப் பொருந்தாது, முன்பே விற்றாகிவிட்டதால் இனி விற்க ஒன்றுமில்லை. மூன்றாவது குடும்பம்தான் எல்லோரிலும் மோசமான நிலையில் இருப்பது. இரண்டே கட்டம் உள்ள படிவத்தில் அது நல்ல நிலைக் குடும்பமாகப் பதிவாகும்.

பணம்

வருமானத்தை முதலில் கேட்காதீர்கள், செலவைக் கேளுங்கள். உணவுக்கு 7 நாள், வாடகை, மருந்து, போக்குவரத்து, போன், விறகு போன்றவற்றுக்கு 30 நாள். உதவியாகக் கிடைத்த உணவை உள்ளூர்ச் சந்தை விலையில் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரேஷன் வாங்கும் குடும்பம் வாங்காத குடும்பத்தைவிட ஏழையாகத் தெரியும். கடனில் தொகையைவிட யாரிடம், எதற்காக என்பது பேசும். கடைக்கடன் உணவுக்கானது என்றால் அது அடுத்த மாத ரேஷனை இப்போதே தின்றுவிட்டது என்று பொருள். ரேஷனை விற்பது பல இடங்களில் விதிமீறல். "விற்கிறீர்களா?" என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளாக எடுத்து, எவ்வளவு சாப்பிட்டீர்கள், கொடுத்தீர்கள், திருப்பிக் கொடுத்தீர்கள், மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டால் யாரும் பயப்படாமல் சொல்வார்கள். அரைக்க, விறகு வாங்க, மருந்து வாங்க என்று காரணமும் கூடவே வரும்.

உடல்நிலைக் கேள்விகள்

"மாற்றுத்திறனாளி இருக்கிறாரா?" என்று கேட்டால் கைகால் ஊனம் மட்டுமே பதிவாகும். ஊனம் பற்றிய புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைப் பராமரித்தல், பேசிப் புரியவைத்தல் ஆகியவற்றில் எவ்வளவு சிரமம் என்று கேட்கின்றன. நான்கு பதிலில் "மிகுந்த சிரமம்" அல்லது "முடியவே முடியாது" என்று ஒன்றிலாவது வந்தால் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. "ஊனம்" என்ற சொல்லை முன்னுரையில்கூட உச்சரிக்காதீர்கள். உச்சரித்தால் எண் இறங்கும்.

6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்குக் கைச்சுற்றளவு எடுப்பதென்றால் இடது மேல்கையின் நடுப்பகுதியில், நாடா தோலை அழுத்தாமலும் தொங்காமலும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே தீவிர ஊட்டக்குறைவு, 115 முதல் 125-க்குள் மிதமானது. இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்தால் சுற்றளவு எதுவானாலும் தீவிரம்தான். அளந்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போகக் கூடாது. பரிந்துரைச் சீட்டு கையோடு இருக்க வேண்டும், எந்த மருத்துவ நிலையம், எந்த நேரம் என்று எழுதி.

வீட்டு வன்முறை பற்றிப் பொதுக் கணக்கெடுப்பில் கேள்வி வைக்காதீர்கள் என்பதே எங்கள் நிலை. மெல்லிய சுவருக்கு அப்பால் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. கேட்காமலேயே ஒரு பெண் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்: எழுதாமல் கேட்பது, வாக்குக் கொடுக்காமல் இருப்பது, எங்கே உதவி என்று சொல்வது.

கணக்கெடுப்பாளர்கள்

அதே சமூகத்திலிருந்து எடுத்தால் மொழியும் நம்பிக்கையும் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரியின் கடன் விவரமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவரை அவர் வாழும் வட்டாரத்துக்கு அனுப்பாமல் இருந்தால் பெரும்பகுதி தீரும். ஆணும் பெண்ணும் இணையாகப் போவது நல்லது. பயிற்சிக்கு 4, 5 நாள், அதில் ஒரு நாள் மாதிரியில் இல்லாத வட்டாரத்தில் முன்னோட்டம். முன்னோட்டத்தில் "மற்றவை" என்ற கட்டம் நிறைந்தால் படிவத்தில் கொடுத்த பதில் தெரிவுகள் சரியில்லை என்று பொருள்.

45 நிமிடப் படிவமென்றால் ஒருவர் நாளுக்கு 5 அல்லது 6 வீடு. அதற்கு மேல் முடித்துக் காட்டுபவரைப் பாராட்டாதீர்கள், அவருடைய படிவங்களைத் திறந்து பாருங்கள். "ஆம்" என்றால் எட்டுக் கேள்வி கூடும், "இல்லை" என்றால் தாண்டிப் போகலாம் என்று கணக்கெடுப்பாளர் இரண்டாம் நாளே கண்டுபிடிப்பார். அதிலிருந்து நோயாளிகளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் குறைந்துகொண்டே வருவார்கள். ஆள்வாரியாக, நாள்வாரியாக "ஆம்" விழுக்காட்டைத் தினமும் ராத்திரி போட்டுப் பார்த்தால் அது கோடாக இறங்குவது தெரியும். 10 வீட்டுக்கு ஒன்றில் மேற்பார்வையாளர் மறுபடி போய், ஒரு வாரத்தில் மாறாத ஐந்து கேள்வியை மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும்: ஆள்கணக்கு, கூரை, வந்த ஆண்டு போல.

கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் இணையம் இல்லாமலேயே படிவம் நிரப்பலாம், சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம். பதிலாக வரும் எண்ணுக்கு உச்ச வரம்பு போடும்போது அளவோடு போடுங்கள். ஒரு வீட்டில் 15 பேருக்கு மேல் வராது என்று தடை வைத்தால், 17 பேர் உள்ள வீடு 15 ஆகிவிடும். தடைக்குப் பதில் "உறுதியா?" என்ற எச்சரிக்கை போதும்.

இருப்பிடப் புள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அந்தக் கூடாரத்தையே காட்டும். வேலை அனுமதி இல்லாமல் உழைப்பவரின் வருமானமும் அதே வரியில் இருக்கும். புள்ளிகளைத் தனிக் கோப்பில் பூட்டி, பகிரும் தரவில் வட்டாரப் பெயரை மட்டும் வைக்க வேண்டும். ஐந்து குடும்பத்துக்குக் குறைவான கட்டங்களை அட்டவணையில் காட்டாமல் இணைத்துவிட வேண்டும்.

எண்கள் வந்த பிறகு

அகதிகளை மட்டும் அளந்தால் பாதிப் படம்தான். அதே தெருவில் வாழும் உள்ளூர் ஏழைக் குடும்பங்களிடமும் அதே கேள்விகள் கேட்டிருந்தால்தான் 11 லிட்டர் தண்ணீர் அகதி என்பதால் வந்ததா, அந்தத் தெரு என்பதால் வந்ததா என்று சொல்ல முடியும். கூரை, தரை, எரிபொருள் பற்றிய கேள்விகளை அந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள சொற்களிலேயே வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அகதிகள் புள்ளிவிவரத்துக்காக 2018-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற பரிந்துரைகளும் இந்த ஒப்பீட்டை வலியுறுத்துகின்றன.

சராசரியை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். சராசரி 16 லிட்டர் என்பது பாதிப் பேருக்கு 24-உம் பாதிப் பேருக்கு 8-உம் ஆக இருக்கலாம். 15-க்குக் கீழே எத்தனை விழுக்காடு, அவர்கள் எந்த வட்டாரம், வந்து எத்தனை மாதம் ஆனவர்கள் என்று உடைத்துக் காட்டுங்கள்.

வரைவு அறிக்கை முடிந்ததும், அச்சுக்குப் போகும் முன், ஒரு பக்கச் சுருக்கத்தை அந்த மக்களின் மொழியில் எழுதி வட்டாரக் கூட்டத்தில் வாசியுங்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக. யாராவது எழுந்து "எங்கள் வரிசையில் ஓடுகிற குழாய் இரண்டுதான், நீங்கள் நான்கு என்று போட்டிருக்கிறீர்கள்" என்பார். வாதிடாமல் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்து போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள்.